பழைய டீசல் அம்பாசடரைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டலாமா?

கேள்வி: செக்கடி_காங்கேயம்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கத்தில் கொப்பரை உலர்களமும் சிறிய செக்கும் வைத்து நடத்தி வருகிறோம். நல்ல எண்ணெய் முழுவதும் விற்றுவிடுகிறது என்றாலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொப்பரையை ஆட்டிய எண்ணெய், தொட்டியின் அடியில் தங்கும் மண்டி எண்ணெய், நாள்பட்டுக் காறல் எடுத்த எண்ணெய் என்று உணவுக்கு ஆகாதது ஒவ்வொரு மாதமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சோப்புக்கு வாங்குகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இது தவிர, சித்தப்பாவின் பலகாரக் கடையிலிருந்து பொரித்து மிஞ்சிய பாமாயிலும் கிடைக்கும்.

அப்பா வாங்கிய 1989ஆம் ஆண்டு அம்பாசடர் 1.5 டீசல் கார் இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் செக்கை ஓட்டுவதற்கு ஒற்றைச் சிலிண்டர் ஜெனரேட்டர் ஒன்றும் உண்டு. ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டுவதற்காகவே வடிவமைத்தார் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால், வீணாகும் இந்த எண்ணெயை வடிகட்டி நேரடியாக டேங்கில் ஊற்றி அம்பாசடரை ஓட்ட முடியுமா? மாற்றங்கள் தேவை என்றால் எவை? உள்ளூர் மெக்கானிக் "ஊற்றுங்கள், ஓடும்" என்கிறார். அவர் சொல்வதை நம்பி இறங்குவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: டீசல்பம்பு_கோவை

மெக்கானிக் சொல்வது பொய்யன்று. ஊற்றினால் ஓடத்தான் செய்யும். எத்தனை காலம் ஓடும், பிறகு எதை இறக்கி வேலை பார்க்க வேண்டி வரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டீசல் பம்பு, நாசில் (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் முனை) பழுது பார்க்கும் தொழிலில் இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வரலாற்றைச் சரிசெய்துகொள்வோம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. அதை அங்கே ஓட்டிக் காட்டியது ஓட்டோ நிறுவனம். பிரெஞ்சு அரசின் விருப்பத்தின்பேரில் அது நடந்தது. கனிம எண்ணெய்க்காகக் கட்டிய எஞ்சின் எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயிலும் ஓடியதைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே கவனித்தார்கள் என்று டீசலே 1912இல் எழுதியிருக்கிறார். ஆகவே தாவர எண்ணெய்க்கென்று அவர் எஞ்சினை வடிவமைக்கவில்லை.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். எண்ணெயின் பிசுபிசுப்புதான் முதல் தடை. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுநிலை, அதாவது பிசுபிசுப்பின் அளவு, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். அதே வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் 27 அளவிலும், மற்ற சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையிலும் இருக்கும். இவ்வளவு தடித்த எண்ணெய் நாசிலிலிருந்து மெல்லிய புகை போலச் சிதறாமல் பெரிய துளிகளாக விழுவதால், முழுவதும் எரியாமல் நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்குகளிலும் கரியாக ஏறுகிறது. சூடாக்குவதுதான் இதற்கு வழி. 80 டிகிரிக்குச் சூடாக்கினால் தேங்காய் எண்ணெயின் பாகுநிலை 10க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கும்.

அம்பாசடர் 1.5 எஞ்சினில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சேர்ந்தே இருக்கின்றன. எரிபொருளை நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சாமல், ஹெட்டுக்குள் இருக்கும் சிறு முன்னறையில் பீய்ச்சி எரிக்கும் வகையைச் சேர்ந்தது அது. சூடான அந்த முன்னறையில் தடித்த எண்ணெயும் ஓரளவு நன்றாகவே எரியும் என்பது நல்லது. கெட்டது அதன் பம்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எலிமென்ட் (எரிபொருளை அழுத்தித் தள்ளும் சிறு தண்டு) வைத்த வரிசை பம்பு அதில் இல்லை. ஒரே ரோட்டார் சுற்றி நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் டிபிஏ வகைச் சுழல் பம்புதான் இருக்கிறது. அந்த ரோட்டாருக்கு வழவழப்புத் தருவதும் உள்ளே ஓடும் எரிபொருளேதான். காலையில் குளிர்ந்து கிடக்கும் தடித்த எண்ணெயோடு ஸ்டார்ட்டரை அடித்தால் ரோட்டார் இறுகிப் பிடிக்கும், சில வேளைகளில் டிரைவ் ஷாஃப்ட்டே முறியும். பெஞ்சில் அப்படி ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளி போலப் பளபளக்க வேண்டிய ரோட்டார் முழுவதும் பழுப்பு நிறத்தில் அரக்கு பூசியதுபோல் ஒரு படலம் ஒட்டியிருக்கும். டீசலில் ஊற வைத்தாலும் அது கரையாது.

எனவே உங்கள் காரில் ஒரே டேங்கில் எண்ணெய் ஊற்றி ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு டேங்க் வைப்பது ஒன்றே சரியான முறை. டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மீண்டும் டீசலுக்கு வந்து, பம்பிலும் நாசிலிலும் உள்ள எண்ணெய் முழுவதும் வெளியேறிய பிறகே அணைக்க வேண்டும். எண்ணெய் டேங்க், அங்கிருந்து வரும் குழாய், ஃபில்டர் ஆகிய மூன்றையும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் கொண்டே சூடாக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இதைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் எஞ்சின் சூடாகிறது என்று பழைய அம்பாசடர்களில் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில், அதுவும் மார்கழி, தை மாதங்களில், தண்ணீர் வேண்டிய அளவுக்குச் சூடேறவே ஏறாது. முதல் வேலையாக அதைத் திரும்ப மாட்டுங்கள்.

நாசிலிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் லைன் டீசல் டேங்குக்குப் போகாதபடி தனியாகத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் டீசல் டேங்கில் கலந்து, 24 டிகிரிக்குக் கீழே வந்ததும் வெள்ளைக் குருணையாக உறைந்து, அந்தப் பக்கத்து ஃபில்டரையும் அடைத்துவிடும். மெக்கானிக்குகள் வழக்கமாகப் போடும் செம்புக் குழாயை எண்ணெய்ப் பக்கம் போட விடாதீர்கள். சூடான எண்ணெய் செம்பில் பட்டால் விரைவில் கெட்டுக் கோந்தாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியம் போதுமானது. சாதாரண ரப்பர் ஹோஸ் நாளடைவில் ஊறி உப்பிவிடும் என்பதால் வைட்டான் என்ற, எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் செயற்கை ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் எரியாத எண்ணெய் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் காமன் ரெயில் எனப்படும் புதிய வகை டீசல் வண்டியில் முயலக் கூடாது. 1600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் அந்த இன்ஜெக்டர்கள் இதைத் தாங்கவே தாங்கா.

பதில்: வழித்துணை

தொழில்நுட்பத்தைப் பற்றி மேலே எழுதியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. சிஎன்ஜி, எல்பிஜி போல அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி ஆர்சி புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளும் வழக்கமான வழி தாவர எண்ணெய்க்கு நடைமுறையில் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது காப்பீடு. கூடுதல் டேங்கும் சூடான எண்ணெய்க் குழாயும் உள்ள வண்டி விபத்துக்குள்ளானால், நிறுவனம் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். ஜெனரேட்டருக்கு இந்தப் பதிவுச் சிக்கல் எதுவும் கிடையாது.

செக்கடி_காங்கேயம்

இவ்வளவு விரிவாக எழுதிய உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி. காரில் தெர்மோஸ்டாட் இல்லை என்பதை இன்றுதான் பார்த்தேன். நீங்கள் எழுதியிருப்பது போலவே கழற்றியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நல்ல எண்ணெயை எரிப்பது எனக்குக் கட்டுப்படியாகாது. கழிவு எண்ணெய் மட்டும்தான் கணக்குக்கு வரும். காறல் எடுத்த எண்ணெயாக இருப்பதால் ஏதும் தீங்கு உண்டா? அதை வீட்டிலேயே பயோடீசலாக மாற்றிவிட்டால் இந்த இரண்டாவது டேங்க் வேலையெல்லாம் இல்லாமல் போகும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: வேதியியல்_ஆசிரியை

உங்கள் முதல் ஐயத்தில்தான் முக்கியமான சிக்கல் இருக்கிறது. எரிபொருள் என்ற வகையில் தேங்காய் எண்ணெய்க்கு மற்ற எண்ணெய்களுக்கு இல்லாத ஒரு பெரிய அனுகூலம் உண்டு. காற்றும் சூடும் பட்டால் எந்த அளவுக்குக் கோந்தாக மாறும் என்பதை அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரை. பாமாயிலுக்கு 50 முதல் 55. சூரியகாந்தி எண்ணெய்க்கு 118 முதல் 141. பம்பில் படியும் பழுப்புப் படலம் என்று மேலே எழுதியிருக்கிறாரே, அது பெரும்பாலும் அயோடின் எண் மிகுந்த எண்ணெய்களால் வருவது. பாப்புவா நியூ கினியாவின் பூகன்வில் தீவு முற்றுகையில் இருந்த 1990களில் அங்குள்ள மக்கள் வண்டிகளைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகரில் மின் நிறுவனம் ஜெனரேட்டர்களில் அதைப் பயன்படுத்தியிருக்கிறது.

ஆனால் பூசணம் பிடித்த கொப்பரையின் எண்ணெயிலும் காறல் எடுத்த எண்ணெயிலும் கொழுப்பு உடைந்து கட்டற்ற அமிலமாகப் பிரிந்திருக்கும். அந்த அமிலம் பம்பின் உலோகத்தை அரிக்கும். விலை குறைந்த எண்ணெய் எதனால் விலை குறைந்ததோ, அதே காரணம்தான் அதை எரிபொருளாகப் பயன்படுத்தவும் தடையாகிறது. ஆகவே ஒவ்வொரு தொட்டியையும் சோதித்த பிறகே எடுக்க வேண்டும். சோதனை எளிது. ஒரு லிட்டர் வாலை வடிநீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி எண்ணெயைக் கரைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். சோடாக் கரைசலைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், மஞ்சள் நிறம் ஒரு கட்டத்தில் சிவந்து அப்படியே நிற்கும். முதலில் எண்ணெய் இல்லாமல் ஆல்கஹாலை மட்டும் இதேபோல் சோதித்து, அதற்குச் செலவான அளவைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 1.3 மில்லிக்குள் இருந்தால், எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைக் காட்டும் அமில எண் 2க்குள் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் போனால் அந்த எண்ணெய் சோப்புக்காரர்களுக்கே போகட்டும். காஸ்டிக் சோடாவைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கரண்டி எண்ணெயை இரும்புச் சட்டியில் நன்றாகக் காய்ச்சுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. இன்னும் தெளிய விட வேண்டும். பலகாரக் கடை எண்ணெயில் தண்ணீரோடு உப்பும் இருக்கும் என்பதால் அதைத் தேங்காய் எண்ணெயோடு கலக்காமல் தனியே வையுங்கள்.

பயோடீசலைப் பற்றிக் கேட்டீர்கள். கொள்கையளவில் நீங்கள் சொல்வது சரியே. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்துவிட்டால், டீசலைப் போன்றே பாகுநிலை உள்ள, நம் மார்கழிக் குளிரிலும் உறையாத எஸ்டர் கிடைக்கும். பெல்ஜியத்தில் சவான் என்பவர் 1937லேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய் எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலில் கலப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாக இருக்கிறது. ஆகவே பொருளில் குறையில்லை.

வீட்டில் அதைச் செய்வதைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். மெத்தனாலின் ஆவியை முகர்ந்தாலும், அது தோலில் பட்டு ஊறினாலும் நஞ்சு; பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை என்பதால் ஒரு கிலோவில் அவற்றின் எண்ணிக்கை அதிகம். அதனால் மற்ற எண்ணெய்களைவிடக் கூடுதலாகவே மெத்தனால் தேவைப்படும். மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உலர்களத்தில் ஆட்கள் வந்து போகும் இடத்தில் அதைக் கேன்களில் அடுக்கி வைப்பதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. அமிலம் மிகுந்த எண்ணெயைக் காரத்தோடு சேர்த்தால் எஸ்டரோடு சோப்பும் உருவாகிப் பிரிக்க முடியாத கூழாகிவிடும் என்பதால், உங்கள் எண்ணெய்க்கு இன்னும் ஒரு படி வேலை கூடும்.

பொரித்த பாமாயிலைப் பொறுத்தவரை, பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் நடத்துகிறது. உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யாரென்று சொல்வார்கள். விலையும் கிடைக்கும், அந்த எண்ணெய் மீண்டும் இன்னொரு சட்டிக்குப் போகாமலும் இருக்கும்.

பதில்: ரைன்கரைத்_தமிழன்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். 2001 முதல் 2005 வரை இங்கே அரசு ஆதரவில் நூற்றுக்கும் மேற்பட்ட டிராக்டர்களைக் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் எண்ணெயில் ஓட்டிப் பார்த்தார்கள். ரோஸ்டாக் பல்கலைக்கழகம் அவற்றைத் தொடர்ந்து கண்காணித்தது. எல்லா டிராக்டர்களும் ஒரே எண்ணெயில் ஓடியும், சில பழுதின்றி ஓடின, சில பம்பிலும் எஞ்சினிலும் பெரிய செலவு வைத்தன. எஞ்சினின் அமைப்பும் மாற்றத்தைச் செய்தவரின் கைத்திறனும்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம். இன்னொரு பாடமும் அதில் இருந்தது. நல்ல சுமையில் நீண்ட நேரம் உழைத்த எஞ்சின்கள் தாக்குப்பிடித்தன. குறைந்த சுமையில் உறுமிக்கொண்டே நின்றவை கரியேறின. ஆசிரியை சொன்ன அமில எண் 2 என்ற வரம்பு இங்கே ரேப் எண்ணெய்க்கென்று வகுத்த டிஐஎன் 51605 தரத்திலும் உள்ளதுதான்.

இதை உங்கள் நிலையோடு பொருத்திப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் காருக்கு இரண்டு டேங்க் அமைப்பால் பயனில்லை. எண்ணெய்க்கு மாறும் நேரம் வருவதற்குள் வீடு வந்துவிடும். வாரம் ஒருமுறை திருச்சிக்கோ சேலத்துக்கோ போய் வருகிற வண்டியாக இருந்தால்தான் பேசலாம்.

பதில்: டீசல்பம்பு_கோவை

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நீங்கள் செலவழிக்க நினைக்கும் பணத்தை ஜெனரேட்டரில் போடுங்கள். செக்கு ஓடும்போது அதன்மேல் சீரான, கனமான சுமை இருக்கிறது. ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் தனி எலிமென்ட் பம்புதான் இருக்கும். அது சுழல் பம்பைவிட மிகவும் உறுதியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கர்நாடகத்தின் கக்கனஹள்ளியில் புங்க எண்ணெயை நேரடியாக ஊற்றி ஓட்டியதும் ஜெனரேட்டர்களைத்தான்.

சைலன்சர் குழாயின்மேல் உறை போலப் பொருத்தும் ஒரு சிறு எண்ணெய்ச் சூடாக்கியை எந்த லேத் பட்டறையிலும் செய்து வாங்கலாம். புகைக்குழாயின் சூடு தண்ணீரின் சூட்டைப் போலத் தானாக ஓரிடத்தில் நிற்காது என்பதால், அதில் ஒரு வெப்பமானியைக் கட்டாயம் வைத்து, 80 டிகிரியைத் தாண்டும்போது எண்ணெய் அதைச் சுற்றிப் போகும்படி ஒரு பைபாஸ் வால்வும் போடுங்கள். டீசலுக்கும் எண்ணெய்க்கும் ஒவ்வொரு சிறிய மேல் டேங்க், நடுவில் ஒரு மூவழி வால்வு, எண்ணெய்ப் பக்கம் 5 மைக்ரான் ஃபில்டர் ஆகியவை இருந்தால் போதும். டீசலில் தொடங்கி டீசலிலேயே அணைப்பது என்ற விதி இதற்கும் உண்டு. செக்கை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கும் பழக்கமுள்ள ஆட்களுக்கு அதைச் சொல்லிப் பழக்க வேண்டும். லிட்டர் கணக்கில் டீசலைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் நாசிலைக் கழற்றி ஒரு பம்புக் கடையில் சோதித்து, அது திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பு விழும் விதத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 100 மணி நேரம் ஓடிய பின் அதே கடையில் மீண்டும் சோதியுங்கள். முனையில் கரி கட்டி, தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் எண்ணெய் போதிய சூடு பெறவில்லை என்று அறிந்து சூடாக்கியைச் சரிசெய்யுங்கள். தெளிப்பு முன்போலவே இருந்தால் தொடர்ந்து ஓட்டலாம்.